ரேஞ்சில் கிடைத்த கூட்டாளி

போடிநாயக்கனூரில் ரேஞ்சு என்றால் வனத்துறைதான். "எம்மக நாள் முழுக்க ரேஞ்சுல இருக்கா" என்று சுல்தானா நாலு பேரிடம் சொல்லிவைக்க, நுஸ்ரத்துக்கு ஃபாரஸ்ட்டில் வேலை கிடைத்துவிட்டதென்று தெருவே நம்பிவிட்டது. காட்டுப்பன்றித் தொல்லை பற்றி யாரும் மனு கொண்டுவராததுதான் பாக்கி.

"அது வேற ரேஞ்சும்மா" என்று நுஸ்ரத் தலையில் அடித்துக்கொண்டாள். "சைபர் ரேஞ்சு. இன்டர்நெட்ல ஒரு பொய்க் கம்பெனிய உண்டாக்கி வச்சிருக்காங்க. கம்ப்யூட்டரு, பாஸ்வேர்டு, காவலு எல்லாம் நெசம் மாதிரியே இருக்கும். அதுக்குள்ள எப்படி நுழையலாம்னு பழகணும்."

"நுழைஞ்சு?"

"எங்கெங்க ஓட்டைன்னு எழுதிக் குடுக்கணும். திருடன் வர்றதுக்கு முன்னாடி நெசக் கம்பெனிக்காரங்களே ஆள் வச்சு இப்படிச் சோதிச்சுப் பாப்பாங்க."

சுல்தானாவுக்குப் பாதி புரிந்தது. மீதியை அடுப்பில் குழம்பு கொதித்துக் கெடுத்துவிட்டது.

நுஸ்ரத் கம்ப்யூட்டர் படித்தவள். அத்தா சாதிக் பாட்சாவின் ஏலக்காய்க் கடையில் பில் போடுவது அவள் பொறுப்பு. மதியம் கடை ஓய்ந்ததும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். கெட்டிக்காரிதான், ஆனால் பொறுமை மட்டும் கிடையாது.

அந்தப் பயிற்சித் தளத்தில் கடினமான சுற்று ஒன்றுக்கு இருவராகச் சேர வேண்டும். தளமே அவளுக்கு 'ஹேர்பின்' என்ற பெயரில் ஒரு கூட்டாளியைக் கொடுத்தது. கூந்தலில் குத்துகிற ஊசியைப் பெயராக வைத்திருப்பவள் ஏதோ வெளிநாட்டுக்காரி என்று நுஸ்ரத் முடிவுகட்டினாள். இவள் தனக்கு வைத்திருந்த பெயர் 'எய்ட் எம்எம்'. இருவரும் ஆங்கிலத்தில் எழுதிப் பேசிக்கொண்டார்கள்.

பொய்க் கம்பெனியின் வெளிவாசலான இணையதளத்துக்குள் இருவரும் புகுந்துவிட்டார்கள். அதைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. போகப் பார்த்தபோதெல்லாம் எச்சரிக்கை மணி அடித்து, தளம் அவர்களை வெளியே தள்ளி, முதலிலிருந்து தொடங்கச் சொன்னது. பேசினால்தான் சரிப்படும் என்று ஹேர்பின் அழைத்தாள்.

இரண்டு பக்கமும் பரீட்சை எழுதுவது போல ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் ஜீப்காரர் யாரோ ஆள் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. "போடி, போடி! கீழ எறங்குற ஆளு வெரசா வந்து ஏறு!"

தன் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நுஸ்ரத்துக்கு ஆங்கிலம் மறந்துபோனது. "ஏங்க, எங்கருந்து பேசுறீங்க?"

அந்தப் பக்கமும் ஆங்கிலத்தைக் கைவிட்டது. "மலைமேல, போடிமெட்டு" என்றது குரல். "டீக்கடை வாசல்ல. இங்கதான் சிக்னல் கெடைக்கும். எம்பேரு சுகன்யா. அம்மா ஏலக்கா எஸ்டேட்ல காய் எடுக்காங்க. நீங்க?"

"நான் கீழ போடியிலதான்! அப்ப ஹேர்பின்னா?"

"ரோட்டுல இருக்கே, கொண்டை ஊசி வளைவு. அதேதான். எய்ட் எம்எம்னதும் நான் ஏதோ துப்பாக்கிக் குண்டுன்னு நெனச்சுப் பயந்துக்கிட்டு இருந்தேன்."

"அடப்பாவமே, அது ஏலக்காயோட சைசு! உங்கம்மா பறிக்கிறதுதான்!"

சிரிப்பு அடங்கியதும் சுகன்யா விஷயத்துக்கு வந்தாள். "ஒவ்வொரு தடவையும் மணி அடிக்குதே, நீ என்ன பண்ற?"

"உள்ள இருக்க எல்லா மிஷினையும் ஒரே நேரத்துல ஸ்கேன் பண்றேன்."

"ஊரே முழிக்கிற மாதிரி எல்லாக் கதவையும் தட்டுனா? ஒண்ணு ஒண்ணாப் பாப்போம். மொதல்ல நம்ம நிக்கிற மிஷின்லயே என்ன கெடக்குன்னு தேடு."

நுஸ்ரத் பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாகத் தேடினாள். இணையதளத்தின் அமைப்புக் கோப்பு ஒன்றில் யாரோ எழுதி மறந்த பாஸ்வேர்டு கிடந்தது. சுகன்யா முதல் கணினியையே பாதையாக்கி, உள்ளே இருந்த கணினி ஒன்றில் அதைப் போட்டுப் பார்த்தாள். திறந்துகொண்டது. அடுத்ததும் அதே பாஸ்வேர்டுக்கே திறந்தது. மணி அடிக்கவில்லை.

"உள்ள போயாச்சு!" என்று நுஸ்ரத் போட்ட சத்தத்தில், கடையில் காய் பார்த்துக்கொண்டிருந்த வியாபாரி கையிலிருந்ததைச் சிந்திவிட்டார்.

"எங்க போயாச்சும்மா?" என்றார் சாதிக் பாட்சா. அவள் சொல்லச் சொல்லப் புரியாமலே தலையாட்டிவிட்டு, வியாபாரிக்கு டீ சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுகன்யா ஜீப்பில் இறங்கி வந்தாள். சுல்தானா அவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே பயிற்சி செய்தார்கள். மதுரையில் ஒரு சிறிய பாதுகாப்பு நிறுவனம் நடத்திய தேர்வில் நுஸ்ரத் முதலில் தேறினாள். சுகன்யா பட்டப்படிப்பை முடித்துக்கொண்டு அடுத்த வருடம் அங்கேயே சேர்ந்தாள். இருவருக்கும் ஊரில் இருந்தபடியே வேலை.

அவர்கள் சேர்ந்து செய்த முதல் நிஜச் சோதனை ஒரு நூல் ஆலைக்கு. முதலாளியின் எழுத்துப்பூர்வமான அனுமதி கையில் இருந்தும் நுஸ்ரத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயிற்சித் தளத்தில் தவறு செய்தால் மறுபடி தொடங்கலாம். இங்கே தப்பாக ஒரு கட்டளை தட்டினால் ஆலையே நின்றுபோகும்.

"அவசரப்படாத நுஸ்ரத்து" என்றாள் சுகன்யா போனில்.

"நான் எங்க அவசரப்பட்டேன்? இன்னும் கீபோர்டுலயே கை வைக்கல!"

பொறுமையாகப் பார்த்து ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஆலைக்காரர்கள் அன்றைக்கே அதை அடைத்தார்கள். மறுநாள் நுஸ்ரத் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்குப் போனாள். பனியில் எதிரே நிற்பவர் முகமே தெரியாத அந்த டீக்கடை வாசலில், அறிக்கையை யார் எழுதுவது என்று இருவரும் வெகுநேரம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.