தலை எண்ணிக்கை சரியாக இருந்தது

என் தங்கை மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சீட்டை இரண்டு முறை படிக்காமல் ஒரு மாத்திரையைக் கையில் எடுக்கமாட்டாள். வீட்டில் உப்பு டப்பாவின் மேல்கூட ‘உப்பு’ என்று எழுதி ஒட்டியிருப்பாள். அப்பேர்ப்பட்டவளா இப்படிக் கோட்டை விட்டாள் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் என் மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும்தான் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். நடுவில் லாரிகள் கண்மண் தெரியாமல் ஓடும் பெரிய சாலை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள், பிள்ளைகள் ‘இருக்கேன்’ என்பார்கள். யாராவது வந்து கையைப் பிடிக்கும் வரை நகரக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். பிறகு அவளுடைய தோழிகள் சேர்ந்தார்கள். இரண்டே வருடத்தில் நாற்பது இளைஞர்கள், ஆறு வழிகள், மஞ்சள் சட்டை, ஊதல். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நேரம் ஏது? தலையை எண்ணினால் போதும் என்று முடிவு செய்தார்கள். நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கையைப் பற்றித் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வரிசையில் இருபத்து மூன்று பேர். ஜோடி ஜோடியாகப் போக, கடைசியில் மிஞ்சும் என் மகளின் கையைத் தொண்டர் ஒருவர் பிடித்துக்கொள்வார். அன்று பட்டியலில் இல்லாத ஒரு சிறுமி அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண், மிஞ்சும் பிள்ளை இவள்தான் என்று நினைத்து அந்தச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். சாலையின் அந்தப் பக்கம் போய் என் தங்கை எண்ணினாள். இருபத்து மூன்று.

பத்தரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று. ஓடிப்போய்ப் பார்த்தால், சாலையோரத்தில் பையைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள்.

“கை பிடிக்க யாரும் வரலம்மா. அதான் நகரல.”

சாயங்காலம் தங்கை வந்து வாசலிலேயே நின்றாள். எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதாகச் சொன்னாள்.

“நிறுத்தினா மத்த புள்ளைங்க எப்படி ரோட்டைத் தாண்டும்? நீ நடத்து. என் புள்ளைய மட்டும் கேக்காத” என்றேன். தலையைக் குனிந்தபடியே போனாள்.

இப்போது கால் மணி நேரம் முன்னதாகவே கூடி, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நான் பத்தடி தள்ளி என் மகளோடு தனியாக நிற்பேன். அவள் பெயரைத் தங்கை பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. தினமும் கூப்பிடுகிறாள், கொஞ்சம் காத்திருக்கிறாள், அடுத்த பெயருக்குப் போகிறாள். எனக்கு எரிச்சலாக வரும்.

நேற்று என் மகள் என் கையை இறுக்கிக்கொண்டு, “இருக்கேன்” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. லாரிச் சத்தத்தில் என் தங்கைக்குக் கேட்டிருக்காது. நானும் சொல்லவில்லை.