டாக்டர் ஞானசுந்தரி அம்மாளும் அவருடைய இரைச்சல் வண்டியும்

புதன்கிழமை காலை மருந்தகத்தைத் திறந்து ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கடைத்தெரு முனையில் டாக்டரம்மாவின் மோட்டார் தடதடக்கும் சத்தம் கேட்டது. முதல் நாள் மாலையே வேலூரிலிருந்து திரும்பியிருக்க வேண்டியவர், இப்போதாவது வந்துவிட்டாரே என்று வாசலுக்குப் போனேன்.

வண்டியிலிருந்து டிரைவர் கரீம் பாய் மட்டும் இறங்கினார். டாக்டரம்மா எங்கே என்று கேட்டேன்.

“அம்மா இல்ல, கம்பவுண்டர் சார்” என்றார்.

வேலூரிலேயே தங்கிவிட்டார்களா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, “அம்மா இல்ல சார்” என்று மறுபடியும் அதையே சொன்னார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அடுப்பில் தண்ணீர் வற்றிவிடுமே, இறக்க வேண்டுமே என்றுதான் மனம் ஓடியது. உள்ளே போய்ப் பாத்திரத்தை இறக்கி வைத்தேன். அதன் பிறகுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

டாக்டர் ஞானசுந்தரி அம்மாள் காலமாகிவிட்டார். நாற்பது வயதைச் சற்றே கடந்தவர். திங்கட்கிழமை ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு, பசிக்கிறது என்று நின்றுகொண்டே மூன்று வாழைப்பழம் சாப்பிட்டவர். இந்த வரிகளை எழுதும்போதும், நான் வேறு யாரைப் பற்றியோ எழுதிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலூரில் பிறந்து, சென்னையில் வைத்தியம் படித்து, ஆம்பூருக்கு வந்து பெண்களுக்காக ஒரு சிறு மருந்தகம் வைத்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தோல் பதனிடும் தொழிலாளர் வீடுகளுக்கும் பாலாற்றுக்கு அப்பாலுள்ள கிராமங்களுக்கும் முதலில் மாட்டு வண்டியில்தான் போய்வந்தார். நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் தவித்த பிறகுதான் மோட்டார் வாங்கத் துணிந்தார்.

வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரி வைத்திருந்த பழைய வண்டி அது. தரகர் கொண்டுவந்து நிறுத்தியபோது, இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று கேட்கும்படி அவ்வளவு அமைதியாக இருந்தது. வாங்கிச் சில நாட்களிலேயே தடதடப்பு தொடங்கியது. கரீம் பாய் அடியில் படுத்து எண்ணெயை இறக்கினார். பாகு போலக் கெட்டியான எண்ணெய் மெல்ல ஒழுகியது. கியர் பெட்டியைத் திறந்தால் மரத்தூள். தேய்ந்துபோன பற்களின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க யாரோ அள்ளிப் போட்டிருந்தார்கள்.

டாக்டரம்மா அந்தத் தூளைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “நோயாளிக்கு மயக்க மருந்து குடுத்து, சொகமாயிடுச்சின்னு வீட்டுக்கு அனுப்பியிருக்கான்” என்றார். வியாபாரிக்குத் தரகரின் இந்த மோசடி தெரியாது. விவரம் அறிந்ததும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக அவரே சொல்லியனுப்பினார். ஆனால் அந்த விலையில் வேறு வண்டி கிடைக்காது என்பதால் டாக்டரம்மா கொடுக்கவில்லை.

அந்த இரைச்சல் அவருக்கு ஆரம்பத்தில் பெரிய கூச்சமாக இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்கு ஒருமுறை தாமதமாகப் போனார். பேசிக்கொண்டிருந்த பெரிய மனிதர் பேச்சை நிறுத்திவிட்டு, நம் டாக்டரம்மா வருவது வாணியம்பாடி வரைக்கும் கேட்கிறது என்றார். சபை முழுவதும் சிரித்தது. இவரும் சிரித்தார். ஆனால் திரும்பி வரும்போது, சத்தத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கரீம் பாயிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தோலுக்குத் தடவும் மீன் எண்ணெயை ஊற்றச் சொன்னார் ஒருவர். விளக்கெண்ணெய்க்கு மிஞ்சியது இல்லை, பந்தய வண்டிகளுக்கே அதைத்தான் ஊற்றுகிறார்கள் என்றார் இன்னொருவர். இன்ஜினிலும் கியர் பெட்டியிலும் இருக்கிற எண்ணெயோடு விளக்கெண்ணெயைக் கலந்து ஊற்றும்படி டாக்டரம்மா சொன்னார். கரீம் பாய்க்கு அரை மனதுதான். ஆனால் சத்தம் உண்மையிலேயே அடங்கியது. வண்டி போன தெருவெல்லாம் பேதிக்குக் கொடுத்த வீட்டைப் போல வாசனை அடித்தது. எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மாதான் அதிகமாகச் சிரித்தார்.

மார்கழிப் பனியில் ஒரு விடியற்காலை, ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒருவர் ஓடிவந்தார். மனைவிக்கு முதல் நாளிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். கரீம் பாய் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இன்ஜின் அசையவில்லை. இரண்டு எண்ணெயும் ஒன்றோடொன்று சேராமல், விளக்கெண்ணெய் சூட்டில் பிசினாகி, குளிரில் இறுகி உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. தோள் வலிக்கச் சுற்றினார், பலனில்லை. மாட்டு வண்டி பிடித்துப் போனோம்.

டாக்டரம்மா தாயைக் காப்பாற்றினார். குழந்தை போய்விட்டது.

திரும்பும் வழியில், தப்பெல்லாம் தன்னுடையது என்று கரீம் பாய் அழத் தொடங்கினார். “நீங்க சும்மா இருங்க பாய். ஊத்தச் சொன்னது நான்” என்றார் டாக்டரம்மா. சற்றுக் கழித்து, “நாலு பேர் சிரிச்சாங்கன்னு நான் வெக்கப்பட்டேன். அதுக்கு அந்தப் பொண்ணு புள்ளைய குடுத்துட்டா” என்றார்.

அதற்குப் பிறகு அந்த இரைச்சலைப் பற்றி அவர் வெட்கப்பட்டதே இல்லை. இன்ஜினைப் பிரித்துக் கழுவச் செய்தார். வேலூர் வெயிலுக்குக் கெட்டியான எண்ணெய், பனிக்காலத்துக்கு இளகிய எண்ணெய் என்று மாற்றக் கற்றுக்கொண்டார். கெட்டி எண்ணெய் தடதடப்பை மூடும், ஆனால் குளிர்ந்த காலையில் தேய்மானமுள்ள இடத்துக்கு ஏறிப் போகாது என்பதை எங்களுக்கும் விளக்குவார். எண்ணெய் கறுக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். மற்றபடி தேய்ந்தது தேய்ந்ததுதான் என்பார்.

சென்ற வருஷம் ஒரு ஏஜெண்டு சிறு டப்பாவோடு வந்தார். இந்தப் பொடியை எண்ணெயில் கலந்தால் எந்தக் கிழட்டு இன்ஜினும் புதிது போல ஓடும் என்றார். தேய்ந்த இரும்பை இது வளர்க்குமா என்று டாக்டரம்மா கேட்டார். அப்படியில்லை, சத்தம் குறையும் என்றார் அவர்.

“சத்தம் இருக்கட்டும். எங்கே கோளாறுன்னு அதுதானே எனக்குச் சொல்லுது” என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடக்க வேண்டாம் என்று விட்ட அந்தச் சத்தமே கிராமங்களில் உபயோகப்பட்டது. ஆற்று மணலுக்கு அந்தப் பக்கம் தடதடப்பு கேட்டதும், பிரசவ வீட்டில் அடுப்பில் வெந்நீர் ஏற்றிவிடுவார்கள். துவைத்துக் காயவைத்திருந்த பழைய வெள்ளைத் துணிகளை எடுத்து அடுக்குவார்கள். நாங்கள் போய் இறங்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் பஞ்சும் மருந்தும் வண்டிக்கு எண்ணெயும் வாங்க வேலூருக்குப் புறப்பட்டார். புறப்படும்போது, புட்டிகளில் பெயர்ச் சீட்டு அழிந்திருக்கிறது என்று என்னைக் கடிந்துகொண்டார். “சாயங்காலம் வந்துடறேன், அதுக்குள்ள எழுதி ஒட்டிடுங்க” என்றார். ஒட்டி வைத்தேன். இப்போதும் அலமாரியில் அப்படியே இருக்கின்றன.

மற்றதைக் கரீம் பாய் சொல்லித்தான் அறிந்தேன். லாங் பஜாரில் எண்ணெய்க் கடையில் நின்று, விரலில் எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் வேறு டப்பா எடுக்கத் திரும்பினார். “பாய், கொஞ்சம் தண்ணி” என்று சொல்லிவிட்டு, கடைப் படியில் உட்கார்ந்தார். தண்ணீர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மார்படைப்பு என்றார்களாம்.

“ஒரு மாசமாவே நெஞ்ச அப்பப்ப பிடிச்சிக்குவாங்க சார்” என்றார் கரீம் பாய். “இன்னாம்மான்னு கேட்டா, வாயு ஜாஸ்தியாயிடுச்சி, ஒண்ணும் இல்லம்பாங்க. சோடா உப்பு போட்டுக்குவாங்க. கம்மியாயிடுச்சி, நீங்க ஓட்டுங்கம்பாங்க.”

வலியை மூடாதே, வலிக்கிற இடத்தைச் சொல் என்று எத்தனை பெண்களிடம் அவர் மன்றாடியிருக்கிறார். பக்கத்து அறையில் வேலை செய்த எனக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஒருவேளை, சொன்னால் படுக்கச் சொல்வார்கள், படுத்தால் யார் போவது என்று நினைத்தாரோ என்னவோ.

புதன்கிழமை மாலை வேலூரில் அவருடைய தம்பி வீட்டிலிருந்து எடுத்துப்போய் அடக்கம் செய்தோம். ஆம்பூரிலிருந்து தோல் மண்டி முதலாளிகளும் கூலிக்காரர்களும் வந்திருந்தார்கள். கல்லறையில் மண் போட்டபோதுகூட நான் நம்பினேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை என்ன செய்வதென்று தெரியாமல் மருந்தகத்துக்கு வந்தேன். விஷயம் எட்டாத ஊர்களிலிருந்து பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் அழுதார்கள். சிலர் நான் சொல்வது புரியாமல் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நிறைமாதமாக இருந்த ஒரு பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. முந்தைய பிரசவத்தில் அவளை மிகுந்த சிரமப்பட்டுப் பிழைக்க வைத்தவர் டாக்டரம்மா. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ நான் எங்க போறது, ஐயா?” என்று கேட்டாள்.

அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.

அம்மா, இனியாவது யாரும் வந்து எழுப்பாமல் உறங்குங்கள்.