சொல்லிக் காட்டிய எட்டாயிரம்

முட்டைக்கடை கனி ராவுத்தரிடம் பல்கீஸ் பீவி வாங்கிய கடன் எட்டாயிரம் ரூபாய். இருபது வருசத்துக்கு முந்தி, ஒரு நோன்பு மாதத்தில் வாங்கியது. லாரி ஓட்டப் போன புருஷன் ஓங்கோல் பக்கம் பாலத்தில் மோதிச் செத்து, அவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து வெளியே காலெடுத்து வைத்த வாரம் அது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. வேறொருத்தியாக இருந்தால் அந்தக் காசில் அரிசி வாங்கிப் போட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள். இவள் நாமக்கல்லில் பஸ் ஏறி நேரே சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சா ஒன்றும் ஆள் உயரச் சட்டுவம் ஒன்றும் வாங்கினாள். தேக்சாவுக்குக் கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.

"அதுக்குள்ளயே நான் உக்காந்துக்கறேனுங்க. ஒரே டிக்கெட்டாப் போடுங்க" என்றாள். அப்பவே அப்படி வாய்.

ராவுத்தரிடம் பணம் கேட்கும்போதே தெளிவாகச் சொல்லித்தான் கேட்டாள். "கடனாத்தான் கேக்கறேன் அண்ணே. மாசம் ஐநூறாக் கழிச்சிருவேன்." ராவுத்தரும் தலையை ஆட்டினார். பெருநாள் கழிந்து முதல் ஐநூறைக் கொண்டுபோனபோது அவர் முட்டை அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதைச் சக்காத்துல சேத்திட்டேன் தங்கச்சி. திருப்பி வாங்குனா பாவம் என்ற தலையில. போ, புள்ளைக்குப் பிஸ்கட் வாங்கிக் குடு."

சக்காத்து என்பது, இருப்பவன் இல்லாதவனுக்கு வருசா வருசம் கொடுத்தே ஆகவேண்டிய பங்கு. வாங்குவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பல்கீஸ் கேட்டது அது இல்லையே? ஒருத்தி தலை நிமிர்ந்து கடன் கேட்டால், அவளைக் கேட்காமலே அதைத் தர்மம் ஆக்குகிற உரிமையை யார் கொடுத்தது? எட்டாயிரம் மிச்சம் என்று அக்கம்பக்கத்தில் வாழ்த்தினார்கள். அவளுக்கோ வயிறு எரிந்தது.

எரிய விட்டவரும் அவரேதான். அவள் சமைக்கப் போன கல்யாண வீட்டில் யாராவது பிரியாணியை வாயாரப் புகழ்ந்தால், "எப்படி தம்மு? என்ற சக்காத்துல வெந்ததாக்கும்" என்பார். கூலி பேசும்போது, "நம்ம சக்காத்துத் தேக்சாதானே, பாத்துப் போட்டுக்க" என்று ஆயிரத்தைக் குறைப்பார். பல்கீஸின் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடமும் போய் அதைச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு போனார்.

அவர் வாங்காத ஐநூறுகளை மாசா மாசம் சேர்த்து, எட்டாயிரத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தது, மகளுக்கு நகை போட வேண்டி வந்தது. பையைத் தொடவில்லை. ஐநூறு செல்லாது என்று ஆனபோது ஆளுக்கு நாலாயிரம்தான் மாற்றலாம் என்றார்கள். பாதியை அவள் எடுத்துக்கொண்டாள், பாதியைக் கூடவே வேலை செய்யும் ஆராயியிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் பேங்க் வாசலில் வெயிலில் நின்று மாற்றினார்கள். கணக்கில் போட்டுவிடலாமே என்றார் பேங்க்காரர். "இது என்ற காசு இல்லீங்க, இன்னொருத்தர் காசு. நோட்டை மட்டும் மாத்திக் குடுங்க" என்றாள். கிடைத்த இரண்டாயிரம் நோட்டையும் பிறகு திரும்பப் பெறுகிறோம் என்றார்கள். மறுபடியும் போய் நின்றாள். அரசாங்கம் எத்தனை தரம் நோட்டை மாற்றினாலும் அவள் கணக்கை மாற்றவில்லை.

ஒரு தேக்சா பதினான்கு ஆனது. லாரி பாடி கட்டும் பட்டறைகள் இருக்கிற தெருவில் சொந்தமாக மெஸ் போட்டாள். முர்ஷிதாபாத், பாட்னா, மலப்புறம், ஹைதராபாத் என்று எங்கெங்கோ இருந்து வந்து வெல்டு அடிக்கிறவர்களும் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். எந்த மாஸ்டரிடமும் அவள் கைகட்டி நின்று கற்றதில்லை. சாப்பிட வருகிற பையன்கள் தங்கள் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால், போனை வாங்கி அடுப்புக்கு முன்னால் சாய்த்து வைத்துக்கொள்வாள். அந்தம்மாள் வங்காள மொழியில் சொல்லுவாள், இவள் கொங்குத் தமிழில் கேட்பாள். மாவு கையில் ஒட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எந்தப் பாஷை வேண்டும்?

போன நோன்பில் கனி ராவுத்தர் ஒரு காரியம் செய்தார். ஊருக்குப் போக முடியாத வெளிமாநில ஆட்களுக்குப் பெருநாளுக்கு மறுநாள் விருந்து, அதுவும் அவரவர் ஊர்ச் சாப்பாடு என்று ஜமாஅத்தில் சொல்லி, போர்டும் எழுதி வைத்துவிட்டார். சேலத்திலிருந்து வந்த மாஸ்டர் பட்டியலைப் பார்த்தார். பிரியாணி என்றால் ஆயிரம் பேருக்கு ஆக்குவேன், இந்த வம்பு எனக்கு வேண்டாம் என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் ராவுத்தர் மெஸ் வாசலில் வந்து நின்றார்.

"பல்கீசு, நீதான் கை குடுக்கோணும்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஆராயி தலையைத் தூக்கினாள். "ஏனுங்க ராவுத்தரே, சேலத்து மாஸ்டரு சக்காத்து வாங்குனதில்லீங்களாட்ட இருக்குது? அதானுங்க ஓடிட்டாரு."

"நீ சும்மா இரு ஆராயி" என்றாள் பல்கீஸ். "செய்யறேன் அண்ணே. ஊர்ல எல்லாரும் தர்ற கூலி நீங்களும் தரோணும். நயாபைசா குறையக் கூடாது. அதுக்கு மேல ஒண்ணு. அந்த எட்டாயிரத்தக் கை நீட்டி வாங்கோணும்."

"அட, நீ இன்னும் அதை விடலியா? சக்காத்தைத் திருப்பி வாங்க மார்க்கத்துல இடமில்ல, தாயே."

"கடனை வாங்க இருக்குதில்ல?"

ராவுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போர்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாரோ என்னவோ. "முதல்ல விருந்து முடியட்டும். பாப்போம்" என்றார்.

அவர் போனதும் ஆராயி கேட்டாள்: "பாப்போம்னா அது வாக்காக்கா?"

"மைக்கப் புடிச்சு வாயத் தொறக்காம இருந்தாருன்னா வாக்குதான்."

விருந்தன்று விடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்புகள் எரிந்தன. சீரகச்சம்பா பிரியாணியும் தால்ச்சாக் குழம்பும் நம்ம ஊருக்கு. ஹைதராபாத்துக்காரர்களுக்குப் பேரீச்சையும் முந்திரியும் பாலில் வெந்த ஷீர் குருமா. பாட்னாக்காரர்கள் பெருநாளுக்குக் கேட்பது தஹி படா. பெயர்தான் பெரிசு, பார்த்தால் நம்ம தயிர்வடையின் ஒன்றுவிட்ட தம்பி. மலப்புறத்தார் கேட்ட பத்திரியும் முர்ஷிதாபாத்தார் கேட்ட சாலேர் ரூட்டியும் ஒரே அரிசிமாவு, ஒரே கொதிநீர், தட்டுகிற கைதான் வேறு. கடைசியாக வட்டிலாப்பம்: ராவுத்தர் கடை முட்டை, பரமத்தி வேலூர் வெல்லம், தேங்காய்ப்பால். முட்டைக்கும் முழுக்காசு எண்ணிக் கொடுத்துத்தான் வாங்கியிருந்தாள்.

வெல்டர் ரஃபிகுல் ரூட்டியைப் போனில் தன் அம்மாவுக்குக் காட்டினான். அந்தப் பக்கம் ஒரே சத்தம்.

"என்ன சொல்றாங்க?"

"கொஞ்சம் தடி இருக்கு சொல்றாங்க, அம்மா."

"தடியா? அவங்கள இங்க வந்து ஐநூறு தட்டச் சொல்லு, அப்பறம் பேசலாம்" என்றாள் பல்கீஸ். சொல்லிவிட்டு அடுத்த ரூட்டியை மெல்லிசாகத்தான் தட்டினாள்.

மதியத் தொழுகை முடிந்து எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர். இதற்குச் சகன் என்று பெயர். பாட்னாக்காரன் பத்திரியைப் பிய்த்தான், மலையாளத்தான் தயிர்வடையில் கை வைத்தான், முர்ஷிதாபாத்தார் இரண்டு பேர் வட்டிலாப்பத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அவரவர் ஊர்ச் சாப்பாடு என்று யார் தனியாக உட்கார்ந்தார்கள்? பின்கட்டிலிருந்து பார்த்த பல்கீஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாமக்கல்லுல இன்னொருத்தரைச் செஞ்சு காட்டச் சொல்லு ஆராயி" என்றாள்.

அப்போதுதான் தொழுகை நடத்துகிற பள்ளிவாசல் அஜரத்துடன் ஒரே சகனில் உட்கார்ந்து பாதி சாப்பிட்டிருந்த ராவுத்தர் எழுந்தார். வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையில் மைக்.

"இன்னைக்கு இத்தனை வகை ஆக்கிப் போட்ட பல்கீசு பீவிக்கு, இருவது வருசம் முந்தி இந்தக் கனி குடுத்த சக்காத்து..."

அவ்வளவுதான். சட்டுவத்தை ஆராயி கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பல்கீஸ் மண்டபத்துக்குள் நடந்தாள். இடுப்பில் அந்தத் துணிப்பை.

"அண்ணே, ஒரு சந்தேகம். அஜரத்தும் இருக்கறாரு, கேட்டுக்கறேன். குடுத்ததைச் சொல்லிக் காட்டுனா அது தர்மத்துல சேருமுங்களா?"

சாப்பிடுகிற சத்தம் நின்றது. தமிழ் தெரியாதவர்களும் அவள் முகத்தைப் பார்த்துக் கையை நிறுத்தினார்கள். அஜரத் தாடியைத் தடவிக்கொண்டார். "சேராதும்மா. வேதத்துலயே இருக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குனிந்து தன் சாப்பாட்டைப் பார்த்தார்.

"சேராதுங்கறாரு. நீங்க சொல்லிக் காட்டாத கல்யாணம் ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்? என்ற சம்பந்திகிட்டச் சொன்னீங்க. கூலியக் குறைக்கச் சொன்னீங்க. இப்ப மைக்குல சொல்றீங்க. அப்ப அது சக்காத்தும் இல்ல. சக்காத்து இல்லாத பணம் என்னுங்கண்ணே? நான் மொத நாள் கேட்டதுதானே?"

ராவுத்தர் மைக்கைக் கீழே வைத்தார். "ஊட்டுக்கு வா பல்கீசு. ஊட்டுல வெச்சு வாங்கிக்கறேன்."

"சொன்னது மைக்குல, வாங்கறது ஊட்டுலயா?"

எங்கோ ஒருவன் சிரித்தான். ரஃபிகுல்தான், அவனுக்கு அந்த அளவுத் தமிழ் தெரியும். அவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொல்ல, அவன் அடுத்தவனிடம் சொல்ல, மண்டபம் முழுக்க விசயம் நாலு பாஷையில் ஓடியது. ராவுத்தர் இடது கையை நீட்டினார்.

"நான் சோத்துக் கையால குடுக்கறேன். நீங்களும் அந்தக் கையாலயே வாங்குங்க."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பல்கீஸ் ஆக்கிய குழம்பு விரல் இடுக்கெல்லாம் காய்ந்திருந்தது. ஆராயி கூப்பிடாமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவுங்க ராவுத்தரே. இருவது வருசத்து எண்ணெய் இருக்குது."

கழுவினார். தோளில் கிடந்த துண்டில் துடைத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், உள்ளங்கையை விரித்து நீட்டினார். பல்கீஸ் பையின் முடிச்சை அவிழ்த்து, நோட்டுகளை எடுத்து, மண்டபத்தின் கடைசி சகனுக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். ஐநூறு. ஆயிரம். ஆயிரத்தி ஐநூறு. நடுவில் அவர் விரலை மூடப் பார்த்தார். "இருங்கண்ணே, இன்னும் முடியல" என்றாள். விரல் திரும்ப விரிந்தது. ஏழாயிரத்தி ஐநூறு. கடைசி நோட்டை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எட்டாயிரம்."