ஹெர்மனின் வாய்க்காலும் என் ஏரியும்

ஏரியைக் காக்கிற வேலை என்றால் ஏரியோடு மாரடிக்கிற வேலை என்று நினைத்துத்தான் நான் இதில் சேர்ந்தேன். ஏரி பாவம், ஒரு தொல்லையும் தராது. மாரடிப்பதெல்லாம் அதைப் பார்க்க வருகிறவர்களோடும் அதன் அயலவர்களோடும்தான். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிப்பவர்கள், நூலகத்தில் இருப்பவர்கள், "கூடாது" என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற மற்ற எல்லோருக்கும் என் நிலைமை விளங்கும்.

என் ஏரி ஜேர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில், எப்போதோ அணைந்துபோன ஓர் எரிமலையின் வாயில் இருக்கிறது. சின்ன ஏரி, சுற்றிவரச் சதுப்பு. அந்தச் சதுப்பைக் காயவைப்பதற்காக முன்பு வெட்டிய வாய்க்கால் ஒன்று இன்றைக்கும் தண்ணீரை வெளியே கொண்டுபோகிறது. அதை அடைக்காவிட்டால் சதுப்பு காய்ந்து, பின்னால் ஏரியும் போய்விடும். வாய்க்கால் ஓடுவது ஹெர்மன் என்ற விவசாயியின் புல்வெளி வழியாக. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்கூட அதில் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

சதுப்புத் தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருக்கும். அது அழுக்கல்ல, மண்ணின் சாறு. கொலோனிலிருந்து வந்த ஒரு ஜேர்மன் தம்பதிக்கு இதை நின்று நிதானமாக விளக்கினேன். கணவர் தலையாட்டிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் விளங்குகிறது. ஆனால் ஆட்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையிலாவது கொஞ்சம் தெளிவாக வைத்திருக்கக் கூடாதா?"

ஹெர்மன் வீட்டுக் கோப்பி

ஹெர்மனிடம் போகும்போதெல்லாம் கோப்பி கிடைக்கும், கேக் கிடைக்கும், சம்மதம் மட்டும் கிடைக்காது. வாய்க்காலை அடைத்தால் தன் புல்வெளி முழுக்க வெள்ளம் நிற்கும் என்பது அவர் பயம். மேல் ஓரத்தில் கொஞ்சம் ஈரம் ஏறும், அவ்வளவுதான் என்று வரைபடத்தை விரித்தேன். அவர் அதன்மேல் கேக் தட்டை வைத்தார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கேக்கைச் சாப்பிட்டபடி, ஏரி செத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"அந்த வாய்க்காலை என் அப்பா கையால் வெட்டினார். உங்கள் அப்பா வெட்டியிருந்தால் நீங்கள் அடைப்பீர்களா?"

வல்லாரை

எங்கள் சதுப்பில் வட்ட இலையோடு ஒரு செடி படரும். வல்லாரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருக்கும், ஆனால் வல்லாரை இல்லை. ஒருநாள் டோர்ட்மண்டிலிருந்து வந்த ஓர் அக்கா பலகைப் பாதையை விட்டு இறங்கி, முழங்காலளவு சேற்றில் நின்று, அதைப் பை நிறைய ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் மேலே நின்று பையைப் பிடித்தபடி.

"அக்கா, மேல ஏறுங்கோ. இதில ஒரு இலையும் பிடுங்கேலாது," என்றேன்.

"நீங்களும் தமிழோ? பாத்தீங்களே, எவ்வளவு வல்லாரை. ஊரில கூட இப்பிடிக் கண்டதில்லை."

"இது வல்லாரை இல்லை அக்கா. சாப்பிடக்கூடாது."

அக்கா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன கிழமையும் வந்து ஆய்ஞ்சு சம்பல் போட்டனாங்களே," என்றார் மெதுவாக. எனக்குத் திக்கென்றது. வயிற்றுக்கு ஏதும் செய்ததா என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் மேலே நின்ற அண்ணை முந்திக்கொண்டார்.

"வயித்துக்கு ஒண்டும் இல்லை, தங்கச்சி. ஞாபகசக்திக்கெண்டு இவ ரெண்டு நேரமும் தந்தவ. இண்டைக்குக் காரை எங்க விட்டனெண்டே தெரியேல்லை."

மரம் நட வந்தவர்கள்

சதுப்பில் தானாக முளைக்கிற பேர்ச் மரங்கள் இருக்கிற தண்ணீரையும் உறிஞ்சிவிடும். வாய்க்காலை அடைக்க முடியாதவரை, கன்றுகளைப் பிடுங்குவது ஒன்றுதான் எங்களால் முடிந்தது. அதற்கு உதவியாக ஆஹெனிலிருந்து எஞ்சினியரிங் மாணவர்கள் சிலர் வந்தார்கள், எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். வேலை என்னவென்று சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நன்றாகவே பிடுங்கினார்கள். மாலையில் ஒரு பெண், கையில் வேரோடு ஒரு கன்றை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேடம், இதை ஒரு நிமிஷம் திரும்ப நட்டு ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? மரம் நடப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

பலகை

அடுத்த கோடை மழையே இல்லாமல் போனது. சதுப்பில் நடந்தால் காலடியில் மொறுமொறுத்தது. அப்படியும் வாய்க்காலில் கடைசித் தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே ஹெர்மன் தன் மாடுகளுக்கு டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன், தொட்டியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"மண் போடக் கூடாது. ஒரு பலகை வையுங்கள். வெள்ளம் வந்தால் நானே தூக்கிவிடுவேன்," என்றார். சதுப்பிலிருந்து வாய்க்கால் புறப்படுகிற இடத்தில், அவர் மனம் மாறுவதற்குள் பலகையை வைத்துவிட்டோம்.

இலையுதிர்காலத்தில் மழை பிடித்தது, விடவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே காரை ஓட்டினேன். போய்ப் பார்த்தால் பலகை வைத்தபடியே இருந்தது. சதுப்பு உப்பி நின்றது. புல்வெளியின் மேல் ஓரத்தில், பலகைக்குப் போகிற வழியில், ஆழமில்லாமல் தண்ணீர் தேங்கி, அதில் மாடுகள் நின்று குடித்துக்கொண்டிருந்தன. மாடுகளுக்கு இந்தப் பக்கம் ஹெர்மன், மழைக்கோட்டோடு, இரண்டு கையையும் பையில் விட்டபடி நின்றார். வாழ்நாள் முழுக்க மாடு மேய்த்த மனிதர், ஒரு விசில் அடித்தால் அத்தனையும் பின்னால் வரும். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"பலகையைத் தூக்கத்தான் வந்தேன். மாடுகள் வழி விடவில்லை."

ஏரி எப்படித் தப்பியது என்று மேலிடம் கேட்டபோது மாடுகள் என்று எழுதக் கை வராமல், "தொடர்ச்சியான பேச்சுவார்த்தை" என்று எழுதி அனுப்பினேன்.