சின்னம்மா சொன்ன சாட்சி

கொரோனா ஓய்ந்து கோவில்கள் மறுபடி திறந்த பிறகு வந்த வைகாசியில் நடந்தது இது. நிலாவெளியில் எனக்கு ஒரு மீன்பிடி வள்ளம் இருந்தது. கடற்கரையோரம் இருக்கும் சல்லி என்ற ஊரின் அம்மன் பொங்கலுக்கு எங்கள் ஆட்கள் வள்ளத்தில் போவதுதான் வழக்கம். பஸ்ஸிலும் போகலாம். ஆனால் கடலால் போய் இறங்கினால்தான் அம்மனிடம் போன மாதிரி இருக்கும். அன்றும் சின்னம்மாவையும் இன்னும் சில சொந்தக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

திரும்பி வரும்போது, கரைக்குக் கிட்ட ஒரு அலை வள்ளத்தைத் தூக்கிக் கல்லில் அடித்தது. அம்மன் புண்ணியம், இடுப்பளவு தண்ணீர்தான். எல்லோரும் நடந்தே கரையேறினோம். வள்ளம் பிளந்துபோனது, இஞ்சினும் போயிற்று. எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது அந்த வள்ளம்தான்.

வள்ளத்துக்குக் காப்புறுதி இருக்கிறதே, நட்டத்தைக் கம்பனி தரும் என்று தைரியமாக இருந்தேன். கம்பனிக்காரர் கையை விரித்துவிட்டார்கள். மீன்பிடிக்கென்று காப்புறுதி செய்த வள்ளத்தில் கூலிக்கு ஆள் ஏற்றினால் நட்டஈடு கிடையாதாம். சொந்தக்காரரிடம் எவனாவது கூலி வாங்குவானா! எனக்குக் கோபம் தலைக்கேறியது. திருகோணமலை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன்.

"சொந்தக்காரரைச் சும்மா ஏத்தினதெண்டால் வெல்லப் பார்க்கலாம். காசு வாங்கினதெண்டு வந்தால் ஒண்டும் செய்ய ஏலாது" என்று என் சட்டத்தரணி முதலே சொல்லிவிட்டார். வள்ளத்தில் வந்தவர்களில் மூத்தவரென்று சின்னம்மாவை மட்டும் சாட்சியாகப் போட்டோம்.

விசாரணை நாளில் எங்கள் ஊர் ஆட்கள் பலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பனியின் சட்டத்தரணி மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் குடுக்காமல் சும்மாவா வள்ளத்தில போனீங்கள்?"

சின்னம்மா ஒருமுறை ஊர் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா ஏறித் திரியிற ஆக்கள் இல்லை நாங்கள். இஞ்சின் எண்ணெய்க்குக் காசு குடுத்துத்தான் போனனாங்கள்!"

அது பொய். அவர் ஒரு சதமும் தரவில்லை. வள்ளத்தில் ஏறும்போது சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து நீட்டினார்தான். "உங்களிட்ட வாங்கியே நான் வள்ளம் ஓட்டப்போறன்? வச்சுக்கொள்ளுங்கோ சின்னம்மா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, அந்தக் கையைத் தள்ளிவிட்டவன் நான். என் சட்டத்தரணி எப்படியெல்லாமோ திருப்பிக் கேட்டுப் பார்த்தார். அவர் கேட்கக் கேட்க, சின்னம்மா இன்னும் உறுதியாகக் குடுத்தேன் என்றே நின்றார்.

வழக்குத் தள்ளுபடியானது. கொண்டுவந்த சாட்சியே காசு கொடுத்ததாகச் சொன்னால் நீதிபதி வேறு என்ன செய்வார்? வராந்தாவுக்கு வந்ததும் கோபத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"உங்கட வாயால என்ர வள்ளம் போச்சுது! குடுக்காத காசைக் குடுத்ததெண்டு ஏன் சொன்னீங்கள்?" என்று அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன்.

சின்னம்மா அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"உன்ர சித்தப்பா செத்த நாளிலயிருந்து எல்லாரும் எனக்கு இரங்கித்தான் தாறாங்கள், மகன். ஊரே பாத்துக்கொண்டிருக்க, அதை என்ர வாயாலயும் சொல்லவேணுமே?"

ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். அதையும் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பிறகு கடன்பட்டு ஒரு பழைய வள்ளம் வாங்கி, தொழில் ஒருமாதிரி ஓடுகிறது. வைகாசி வந்தால் சொந்தக்காரர் எல்லோரும் அதில்தான் சல்லிக்கு வருகிறார்கள். சின்னம்மா மட்டும் பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார். கூப்பிட்டால், "பஸ் சுகம், மகன்" என்கிறார். பெரிய மனது என்று நினைத்து அன்று நான் தள்ளிவிட்டது காசை மட்டுமல்ல என்பது, கோவில் வாசலில் அவரைக் காணும்போதெல்லாம் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.