விசில் ஊதும்வரை

வாயில்லை, தெருமுனைவரை கத்தும். காலில்லை, நாற்பது பேரை ஓட வைக்கும். அது என்ன?

என்னைப் போல டிரில் டீச்சராகக் காலம் தள்ளியவர்கள், கேள்வி முடியும் முன்பே கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பார்கள். விசில்தான். அதை மாட்டியிருப்பவர் சொல்வதைப் பிள்ளைகள் பாதிதான் கேட்பார்கள். முழுதாகக் கேட்பவர்களும் உண்டு என்பது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது.

காக்கிச் சட்டை

அறுபதுகளின் கடைசி. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை. நாற்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கும் சனிக்கிழமை சாயங்காலம் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும்படி தலைமையாசிரியை கேட்டார். முதல் வாரம் பதினோரு பேர் வந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னேன். ஒருவரும் தோளுக்கு மேல் தூக்கவில்லை. புடவை விலகுமே என்ற கூச்சம். அது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

அடுத்த வாரம் அவர்களே வழி கண்டுபிடித்து, புடவைக்கு மேல் புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மனைவி ரோஸி அணிந்திருந்தது கிரீஸ் கறை படிந்த காக்கி. அவர் சொன்னார்: “சட்ட இன்னாத்துக்குனு கேட்டாரு. நீ ஹார்பர்ல தூக்கு, நான் பள்ளிக்கூடத்துல தூக்குறேன்னு சொல்லிட்டு வந்துகினே கீறேன்.”

நடை

அடைக்கலமேரி அக்கா மீன் விற்பவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். அதனாலோ என்னவோ, எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையின் முதல் இடத்தில் நின்றுகொள்வார். அவர் மகள் ஸ்டெல்லா எங்களிடம் ஐந்தாம் வகுப்பு. ஓட்டத்தில் அவள்தான் முதல்.

அக்காவுக்கு முட்டிவலி. கூடையை இறக்கி உட்கார்ந்தால், எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். நான் படித்திருந்ததை அப்படியே ஒப்பித்தேன்: தினமும் அரை மணி நேரம் நடங்கள். “காசிமேட்டுல கூடய தூக்குனா வண்ணாரப்பேட்டைலதான் எறக்குறேன். இதுக்கு மேல எங்க நடக்கச் சொல்ற டீச்சர், கடல் மேலயா?”

பெஞ்சு

பிறகுதான் யோசித்தேன். பெஞ்சைப் பிடித்தபடி பாதி உட்கார்ந்து எழ வேண்டும். ஐந்து தடவை, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் அக்கா தானாக எழ ஆரம்பித்தார். “நேத்து கை குடுக்க ஒருத்தி வந்தா. போய் ஒன் வேலயப் பாருடின்னு அனுப்ச்சிட்டேன்.”

முதல் விசில்

அதோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளி விழா நெருங்கியது. அம்மாக்களையும் வரிசையில் நிறுத்திக் காட்டும் ஆசை எனக்கு. பெஞ்சு வேண்டாம் என்றேன். ஒரு விசிலுக்குப் பாதி உட்கார வேண்டும், அடுத்த விசிலுக்கு எழ வேண்டும்.

முதல் விசிலை ஊதியதும் தலைமையாசிரியை வாசலுக்குக் கூப்பிட்டார். விழாவுக்கு எத்தனை நாற்காலி என்று பேசிவிட்டுத் திரும்பினேன். ரோஸியும் மற்றவர்களும் தரையில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பாதி மடங்கிய காலோடு, நீட்டிய கையோடு, நடுங்கியபடி நின்றார். கூட்டிப்போக வந்த ஸ்டெல்லா, “எந்திரிம்மா” என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அக்கா எழவில்லை என்று கேட்டேன். “நீ இன்னும் ஊதலியே டீச்சர்.”

கூடை

மறுநாள் முட்டி வீங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை என்றதும் வீட்டுக்குப் போனேன். இனிச் சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடை நாத்தனார் தலைக்குப் போயிருந்தது. வலித்தால் யாரையும் கேட்காமல் நிறுத்திவிடுங்கள் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா என்னைச் சமாதானப்படுத்தினார்: “ஒன் மேல இன்னா தப்பு? நான்தான் பள்ளிக்கூடமே பாக்காதவ. நடுவுல எந்திரிச்சா டீச்சர் கோச்சிக்குவாங்கோன்னு நெனச்சிகினேன்.”

நாற்பது பேரை ஓட வைக்கும் விசிலை வைத்துக்கொண்டு நான் உட்கார வைத்தது ஒருவரை, அதுவும் நடந்தே பிழைத்தவரை.

ஜூனில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு, தையல் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, விளையாட்டுக்கு வந்தால் நீதான் தலைவி என்று விசிலை மேசைமேல் வைத்தேன். அவள் தையல் என்றாள்.