ரெங்கம் காலமா, சிங்கப்பூர் காலமா

என் வீட்டுக்காரர் கிட்டாரில் உச்சத்தில் இருந்தது எப்போது என்று சிங்கப்பூருக்கு இந்தக் கரையில் இருக்கும் எங்கள் மாசாய் வீட்டு ஹாலில் பல வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய பழைய ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர், இன்னொருவர் கீபோர்டுக்காரர். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்து நான் பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொண்டுவருவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள். பேஸ்காரருக்கு ரெங்கம் காலம்தான் காலம். அந்த ஊர் எஸ்டேட் திடலில் லாரியையே மேடையாக நிறுத்தி மலாய் ராக் பாட்டுகளைப் போட்டுத் தாக்கிய வருஷங்கள். கீபோர்டுக்காரர் விடமாட்டார். பாலம் தாண்டிப் போய் சிங்கப்பூர் கிளப்பில் வாரம் மூன்று நாள் வாசித்தார்களே, அதற்கு ஈடே கிடையாதாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேஸ்காரர் சிங்கப்பூருக்குப் போகவே இல்லை. கீபோர்டுக்காரர் குழுவில் சேர்ந்ததே சிங்கப்பூரில்தான். தான் பக்கத்தில் நின்ற வருஷத்தில்தான் அடுத்தவர் நன்றாக வாசித்தார் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஒருநாள் இதை முகத்துக்கு நேராகவே கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்களே தவிர வழக்கை வாபஸ் வாங்கவில்லை.

எனக்கு எரிச்சல் வேறு. பேசப்படுகிற ஆள் அதே சோபாவில் முறுக்கைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார். இவர்கள் "அப்ப வாசிச்சாரு, அப்ப வாசிச்சாரு" என்று பேசுவதைக் கேட்டால், படம் மாட்டி மாலை போட வேண்டியதுதான் பாக்கி என்று தோன்றும். அவரும் ஒரு வார்த்தை பேச மாட்டார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்புத்தான்.

அவர் வாசிப்பதை விட்டதற்குக் காரணம் விரல். நாலு வருஷத்துக்கு முன்பு பாசிர் கூடாங்கில் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வரும்போது மழையில் சறுக்கி விழுந்தார். இடது கை மோதிர விரல் உடைந்தது. எலும்பு கூடிய பிறகும் அது முழுசாக மடங்கவில்லை. கிட்டாரை உறைக்குள் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டார்.

போன வருஷம் பேஸ்காரர் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. கல்யாண டின்னரில் பழைய ஆட்கள் எல்லாரும் சேர்ந்து மூன்று பாட்டு வாசிப்பது என்று முடிவானது. கடைசிப் பாட்டின் நடுவில் ஒரு நீளமான கிட்டார் சோலோ வரும். என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னாலே ஜனங்களுக்கு ஞாபகம் வருவது அதுதான். பேஸ்காரர் எங்கள் ஹாலில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, அந்த சோலோவ கீபோர்டுல போட்டுக்கலாம் லா. நீங்க சும்மா பின்னணிக்கு கார்ட்ஸ் மட்டும் புடிங்க, போதும். இத்தன பேரு முன்னாடி எதுக்கு ரிஸ்க்கு?"

என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். அவர்கள் வாசல் தாண்டியதும் நான் பொரிந்து தள்ளிவிட்டேன். உங்கள் சோலோவை இன்னொருத்தர் வாசிப்பார், நீங்கள் பக்கத்தில் நின்று ஒத்து ஊதப் போகிறீர்களா, அதற்கு டின்னருக்குப் போகாமலே இருக்கலாம் என்றேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"மடங்கல. என்ன செய்யச் சொல்ற?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கோபமும் போகவில்லை.

மறுநாள் காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம், வாஷிங் மெஷின் இருக்கும் இடத்திலிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. எலக்ட்ரிக் கிட்டாரை ஒயர் சொருகாமல் வாசித்தால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். எட்டிப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, கட்டைவிரலும் அந்த விரலும் போக மிச்சம் இருக்கிற மூன்று விரலால் அந்த சோலோவைத் தேடிக்கொண்டிருந்தார். பார்த்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு மாதம், தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் இதே பாடு. வேகமான இடங்கள் கைக்கு வரவே இல்லை. ஒருநாள் அவற்றை ஒரேயடியாக விட்டுவிட்டார். நாலு சுரம் இருந்த இடத்தில் ஒன்றை மட்டும் பிடித்து நீட்டினார். தேங்காய் மூடியும் கையுமாக நான் அப்படியே நின்றுவிட்டேன்.

டின்னர் அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடை ஏறும்வரை அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, என்னிடமும்தான். முதல் இரண்டு பாட்டுக்கும் ஓரமாக நின்று கார்ட்ஸ் பிடித்தார். மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்தது. கீபோர்டுக்காரர் சோலோவைத் தொடங்கக் கையைத் தூக்கிவிட்டார். என் வீட்டுக்காரர் இரண்டு எட்டு முன்னால் வந்து வாசிக்கத் தொடங்கினார்.

முதல் சுரம் பிசிறடித்தது. கீபோர்டுக்காரர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒன்றுக்காக அந்த மனுஷனுக்குக் காலமெல்லாம் சோறு போடுவேன். ரெங்கத்தில் இவர் இந்த சோலோவை ஓட்டுவார், கேட்கிறவர்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓட வேண்டும். அன்றைக்கு ஓடவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து, அது சொல்ல வேண்டியதை முழுசாகச் சொன்ன பிறகுதான் விட்டார். கோழி வறுவல் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு நின்றார்கள். கடைசிச் சுரம் அடங்கியதும் மண்டபமே எழுந்து கத்தியது. நான் பட்டுப்புடவையோடு நாற்காலி மேல் ஏறிவிட்டேன். மருமகள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை. என் புருஷன் ஜெயித்துவிட்டார், நான் எதற்கு இறங்க வேண்டும்?

பாட்டு முடிந்து நான் மேடைக்குப் பின்னால் போனதும் பேஸ்காரர் என்னைத் தேடி வந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறியபோதுகூட அழாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி, ரெங்கமும் இல்ல, சிங்கப்பூரும் இல்ல. இன்னிக்குத்தான்."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? ஆளு அங்கதான நிக்கிறாரு. போயி அவருகிட்ட சொல்லுங்க" என்றேன்.

போனார். என் வீட்டுக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பேஸ்காரர் அவர் காதருகில் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். "என்னா? கேக்கல, சத்தமா சொல்லு" என்றார் இவர், தலையைத் தூக்காமலே. பேஸ்காரர் மறுபடி சொன்னார். இன்னும் சத்தமாக என்றார் இவர். மூன்றாவது தடவை, சமையல்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அந்த மனுஷன் கத்தியே சொன்னார்.

முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும்.